பெண்கள் மட்டும் நுழையும் காடு

பாப்புவா என்றதும் நம்மில் பலருக்கு ராஜா அம்பாட் தீவுகளின் நீலக் கடல்தான் நினைவுக்கு வரும். சிலருக்குத் தொலைக்காட்சியில் பார்த்த, தலையில் பறவை இறகு சூடிய மலைவாசிகளின் முகம் வரும். இந்த இரண்டு படங்களிலும் அடங்காத ஒரு சின்னஞ்சிறு சமூகம், ஜெயாபுரா என்ற நகரத்தின் ஓரத்திலேயே வாழ்கிறது. எங்க்ரோஸ் என்பது அவர்களின் கம்பத்தின் பெயர். மொத்தமே சில நூறு பேர்தான். அவர்களுக்குச் சொந்தமான ஒரு சதுப்புநிலக் காட்டில், பெண்கள் இருக்கும் நேரத்தில் ஆண்கள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அபராதம்.

இதைக் கேள்விப்பட்டதும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. ஜாகர்த்தாவில் வேலை செய்யும் என் பள்ளித் தோழியும் சேர்ந்துகொள்ள, ஒரு வார விடுப்பில் கிளம்பினோம்.

சூரியன் உதிக்கும் நிலம்

ஜாகர்த்தாவிலிருந்து ஜெயாபுராவுக்கு விமானத்தில் ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. கோலாலம்பூரிலிருந்து ஜாகர்த்தாவுக்குப் போவதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான நேரம். அதுவும் ஒரே நாட்டுக்குள்! கடிகாரத்தை ஜாகர்த்தா நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதல். கிழக்கே இன்னும் கொஞ்ச தூரம் போனால் பாப்புவா நியூகினி எல்லை வந்துவிடும். இந்த வட்டாரத்தைத் 'தாபி' என்று அழைக்கிறார்கள். சூரியன் உதிக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள்.

விமான நிலையம் செந்தானி ஏரியை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் சைக்ளோப்ஸ் மலைத்தொடர், மறுபக்கம் ஏரி. அங்கிருந்து நகரத்திற்குப் போகும் சாலை நெடுகிலும் சிறு மேசைகளில் கொட்டைப்பாக்கு விற்கிறார்கள். நம்மவர்கள் பாக்கோடு வெற்றிலையைச் சேர்ப்போம். இவர்கள் வெற்றிலைக் கொடியின் நீண்ட காயைச் சுண்ணாம்பில் தொட்டுப் பாக்கோடு சேர்த்து மெல்கிறார்கள். இளைஞர்கள், தாய்மார்கள், அலுவலகம் போகிறவர்கள் என்று எல்லார் வாயும் சிவந்திருக்கிறது. விமான நிலையச் சுவரிலேயே 'பினாங் மெல்லாதீர்' என்ற அறிவிப்பு இருந்தது.

மொழி நமக்குப் பெரிய வசதி. இங்கே எல்லாரும் பேசுவது பாப்புவா மலாய். நம் பள்ளிக்கூட மலாயைச் சுருக்கிச் சுருக்கிப் பேசுவதுபோல் இருக்கும். 'சாயா' என்பது 'சா' ஆகிவிட்டது, 'பெர்கி' என்பது 'பி' ஆகிவிட்டது. 'சா பி பாசார்' என்றால் நான் சந்தைக்குப் போகிறேன். முதல் நாள் திணறினாலும் இரண்டாம் நாளிலேயே காது பழகிவிட்டது. வயதில் மூத்த பெண்களை 'மாமா' என்று அழைக்க வேண்டும். நம் காதுக்கு அது தாய்மாமனாகக் கேட்டாலும், அங்கே அதற்கு அம்மா என்று பொருள்.

தண்ணீர் மேல் ஒரு கம்பம்

ஜெயாபுரா ஒரு பெரிய வளைகுடாவின் கரையில் இருக்கிறது. அந்த வளைகுடாவுக்கு உள்ளே, இரண்டு மணல்திட்டுகள் கைகோத்துக் காப்பதுபோல் இன்னொரு சின்ன வளைகுடா ஒளிந்திருக்கிறது. அதுதான் யோத்தேஃபா. உள்ளே அலை இல்லை. குளம்போல் அமைதியான நீர், கரையில் சதுப்புநில மரங்கள், பின்னால் பச்சை மலைகள். தோபாத்தி, எங்க்ரோஸ், நாஃப்ரி என்ற பழங்குடிக் கம்பங்கள் இந்த நீரைச் சுற்றித்தான் இருக்கின்றன.

படகுத்துறையிலிருந்து பத்து நிமிடப் பயணம். எங்க்ரோஸ் வீடுகள் தண்ணீரில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கின்றன. வீட்டுக்கு வீடு பலகைப் பாலம். குழந்தைகள் அதன் மேல் ஓடுகிறார்கள், ஓட்டத்தின் முடிவில் தண்ணீரில் குதிக்கிறார்கள். எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த மாமா, வந்ததும் வராததுமாகப் பப்பேடா கிண்டத் தொடங்கினார். சவ்வரிசி மாவைக் கொதிநீரில் கிளறினால் கிடைக்கும் பசைபோன்ற உணவு அது. இரண்டு குச்சிகளால் சுருட்டித் தட்டில் போட்டு, மஞ்சள் போட்ட மீன் குழம்பை ஊற்றுகிறார்கள். மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அவித்த சிப்பி. நம் ஊர்க் கெராங்கைவிடப் பெரியது. அவர்கள் அதைப் 'பியா' என்கிறார்கள்.

எங்க்ரோஸ், தோபாத்தி மக்களின் சொந்த மொழி தோபாத்தி. பாப்புவாவின் உள்நாட்டு மொழிகளோடு அதற்கு உறவில்லை. அது மலாய், ஜாவானிய மொழிகளின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் கடல் வழியாக வந்து இந்தக் கரையில் தங்கியவர்களின் பேச்சு என்பதற்கு அது சாட்சி. பக்கத்துக் கம்பமான நாஃப்ரியின் மொழியோ முற்றிலும் வேறு. இன்று தோபாத்தி மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் முதியவர்கள் மட்டுமே. நாங்கள் இருந்த வீட்டில் பாட்டி பேசினால் மகளுக்குப் புரிகிறது, பேத்தி மலாயில் பதில் சொல்கிறாள். நம் வீடுகளில் சிலவற்றில் தமிழுக்கு நடப்பது இதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் இடைவெளி

இந்த வளைகுடாவின் கதையில் இரண்டு தேதிகள் முக்கியமானவை. 1910ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி டச்சுக்காரர்கள் இங்கே கொடியேற்றி ஒரு முகாமுக்கு ஹாலண்டியா என்று பெயர் வைத்தார்கள். அதுதான் வளர்ந்து, கோத்தா பாரு, சுகர்ணாபுரா என்றெல்லாம் பெயர் மாறி, இன்றைய ஜெயாபுரா நகரமாகியிருக்கிறது. அதற்குச் சரியாக மூன்று நாள் கழித்து, மார்ச் 10ஆம் தேதி, யோத்தேஃபா வளைகுடாவுக்குள் இருக்கும் மேத்து டெபி என்ற குட்டித் தீவில் கிறிஸ்துவ நற்செய்தி முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. இன்றும் ஒவ்வொரு மார்ச் 10ஆம் தேதியும் அந்தத் தீவில் நன்றி வழிபாடு நடக்கிறது.

கொடியும் வேதமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அதற்கு முன் இவர்களின் நம்பிக்கை எப்படி இருந்தது?

எங்க்ரோஸ், தோபாத்தி கம்பங்களில் அப்போது 'கரிவாரி' என்ற பெரிய வீடு இருந்தது. எட்டுப் பக்கம் கொண்ட தரை, அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பாக முடியும் கூரை. 1858ஆம் ஆண்டில் 'எட்னா' என்ற கப்பலில் வந்த டச்சு ஆய்வுக் குழுவினர் இந்தக் கட்டடத்தைப் பார்த்து வியந்து, கோவில் என்றே குறித்து வைத்தார்கள். பையன்கள் வளர்ந்ததும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். படகு செய்வது, மீன் பிடிப்பது, போரிடுவது, முன்னோரை மதிப்பது என எல்லாப் பாடமும் அங்கேதான். புனிதப் புல்லாங்குழல்கள் அதற்குள் ஊதப்பட்டன. பெண்கள் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது.

சபை வந்த பிறகு கரிவாரி வழிபாடு மெல்ல மெல்ல நின்றது. இன்று அதன் கூரை வடிவத்தைச் சுற்றுலாப் படங்களிலும் புதுக் கட்டடங்களின் அலங்காரத்திலும் பார்க்கலாம். நாங்கள் போனபோது எங்க்ரோஸில் பழைய கரிவாரி எதுவும் நிற்கவில்லை. கம்பத்தின் நடுவில் கம்பீரமாக நிற்பது தேவாலயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் வலை வீசவில்லை. காலையிலேயே குழந்தைகள் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டுப் பலகைப் பாலத்தில் வரிசையாகப் போனார்கள். பாட்டு நான்கு குரலில் எழுந்தபோது தேவாலயத்தின் மரச்சுவர் அதிர்ந்தது. பெண்கள்தான் அதிகம் பாடினார்கள். ஜெபத்தை வழிநடத்தியதும் ஒரு பெண்தான். வழிபாடு முடிந்ததும் வாசலில் எல்லாரும் வரிசையில் நின்று ஒருவர் கையை ஒருவர் பற்றிக் குலுக்கிக்கொண்டார்கள். விருந்தாளிகளான எங்கள் கையும் அந்த வரிசையில் சேர்ந்தது.

ஆனால் கம்பத்தின் நிலம், கல்யாணம், வழக்கு என்று வந்தால் பேசப்படும் இடம் தேவாலயம் அல்ல, 'பாரா-பாரா' என்ற மரமேடை. ஒண்டோவாஃபி என்ற தலைவரும் குலங்களின் ஆண்களும் அங்கே உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். அங்கே பெண்களுக்குப் பேச்சு கிடையாது. நிலத்திலும் பங்கு கிடையாது. கடல் ஆண்களின் வேலைக்கான இடம். அப்படியானால் பெண்களுக்கு?

தோனோட்வியாட்

பெண்களுக்கு அந்தக் காடு. அவர்கள் மொழியில் 'தோனோட்' என்றால் சதுப்புநிலக் காடு. 'வியாட்' என்பது 'வா, போகலாம்' என்ற அழைப்பு. 'தோனோட்வியாட்' என்ற பெயரிலேயே ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கூப்பிடும் குரல் இருக்கிறது. மலாயில் 'ஹூத்தான் பெரெம்புவான்', பெண்கள் காடு.

அங்கே பெண்கள் சிப்பி பொறுக்கப் போவார்கள். உடைகளைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்குவது பழைய வழக்கம். இடுப்பளவு சேற்றில் துணி கனக்கும், மண் ஒட்டி உடம்பை உரசும். அதனால்தான் ஆண்கள் வரக் கூடாது. காட்டுக்கு வேலியோ பலகையோ கிடையாது. மரங்களுக்கிடையில் படகு கட்டியிருந்தால், உள்ளிருந்து சத்தமான பேச்சும் சிரிப்பும் கேட்டால், பெண்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆண் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். பெண்கள் இல்லாத நேரத்தில் விறகுக்காக அவர்கள் வரலாம்.

மீறினால் வழக்கு பாரா-பாராவுக்குப் போகும். அபராதம் பணமாக அல்ல, மணிகளாகக் கட்ட வேண்டும். மதிப்பு 10 லட்சம் ரூப்பியா வரை போகுமாம். இந்தப் பழைய மணிகள்தான் கல்யாணத்தில் மணமகன் வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பரிசத்திலும் முதன்மையானவை. ஒரு பெண்ணை மனைவியாகக் கேட்பதற்கும், பெண்களின் தனிமையைக் குலைத்ததற்கும் ஒரே நாணயம். அந்தச் சமூகம் இந்தக் காட்டை எவ்வளவு பெரிதாக மதித்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நாங்கள் போன அன்று எங்களோடு நான்கு பெண்கள். மூத்தவர் அறுபதைத் தாண்டியவர். இளையவளுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும். கைப்பேசிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள், வைத்தோம். படகு கிளம்பும் முன் மூத்த மாமா கண்ணை மூடிச் சின்ன ஜெபம் ஒன்று சொன்னார். பாதுகாப்பும் நிறைய பியாவும் கேட்டார். 'ஆமென்' சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தார்கள்.

காட்டை நெருங்கியதும் சத்தம் போட ஆரம்பித்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், கூவுவதும், சிரிப்பதுமாக ஒரே ஆரவாரம். "அக்கம்பக்கத்தில் யாராவது ஆண் பிள்ளைகள் இருந்தால் ஓடட்டும்" என்றார் மாமா. பிறகு வேர்களின் இடையே படகைக் கட்டிவிட்டு இறங்கினோம்.

கோலா செபெத்தாங் பக்கம் கரிக்கொட்டகைகளைப் பார்த்தவர்களுக்குப் பாக்காவ் மரம் பழக்கமானதுதான். ஆனால் அதன் வேர்களுக்கிடையில் சேற்றில் நிற்பது வேறு அனுபவம். சேறு முதலில் குளிர்ச்சியாக இருக்கிறது, பிறகு தொடை வரை இழுக்கிறது. கண்ணுக்கு வேலையில்லை. பாதத்தால் துழாவ வேண்டும். கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் குனிந்து கையை விட்டு எடுக்க வேண்டும். நான் ஒன்று எடுப்பதற்குள் அந்தப் பதினாறு வயதுப் பெண் பத்து எடுத்துப் படகில் போட்டாள். "கால் பார்க்கும், கை எடுக்கும். அம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள்" என்றாள்.

வேலை செய்துகொண்டே பேசினார்கள். கணவன், மாமியார், கடன், பிள்ளையின் படிப்பு, உடம்பு நோய் எல்லாமே வந்தன. அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பும் வந்தது. அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது காட்டின் இன்னொரு சட்டம். அதனால் இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் மூத்த மாமாவின் அனுமதியோடு சொல்கிறேன். "பாரா-பாராவில் எங்களுக்கு வாய் இல்லை. இங்கே வாய் இருக்கிறது. இங்கே பேசித் தெளிந்ததை வீட்டில் புருஷன் காதில் போடுவோம். அவன் போய் மேடையில் பேசுவான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் காட்டில் அவர்கள் பொறுக்குவது சிப்பி மட்டுமல்ல. அம்மா மகளுக்குத் துடுப்புப் போடவும், சேற்றை அறியவும், குடும்பம் நடத்தவும் கற்றுக் கொடுக்கும் இடமும் அதுதான். ஆண்களுக்குக் கரிவாரி எப்படியோ அப்படிப் பெண்களுக்கு இந்தக் காடு. கரிவாரியைப் பார்த்த வெளியாட்கள் அதைக் கோவில் என்றார்கள். புதிய சமயம் வந்தபோது அது மறைந்தது. பெண்கள் சிப்பி பொறுக்கப் போகும் காட்டையோ யாரும் கோவிலாக நினைக்கவில்லை. அதனால் அதை யாரும் மூடவும் இல்லை. கொடி வந்தும், வேதம் வந்தும், நகரம் வந்தும் அது தப்பிப் பிழைத்தது.

குப்பைக்கு யார் அபராதம் போடுவது?

அப்படித் தப்பிய காட்டுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

சேற்றில் என் கால் முதலில் கண்டது சிப்பி அல்ல, ஒரு தண்ணீர் போத்தல். அடுத்து ஒற்றைச் செருப்பு. அதன் பிறகு மீ பாக்கெட், குழந்தை நாப்கின், உடைந்த கண்ணாடி. சதுப்புநில வேர்கள் வலைபோல் பின்னியிருப்பதால் வளைகுடாவுக்குள் வரும் குப்பை எல்லாம் அங்கே சிக்கிக்கொள்கிறது. பெண்கள் முதலில் குப்பையைக் கையால் விலக்கி இடம் பிடித்த பிறகே சிப்பி தேடுகிறார்கள். எங்களோடு வந்தவர்களில் இருவர் கண்ணாடிக்குப் பயந்து பழைய சட்டையும் துணிக் காலணியும் போட்டிருந்தார்கள். "என் பாட்டி காலத்தில் இப்படி இல்லை. அரை நாளில் படகு நிறையும்" என்றார் மாமா. அன்று நாங்கள் நான்கு மணி நேரம் தேடியும் இரண்டு வாளிதான் கிடைத்தது.

இந்தக் குப்பை எங்க்ரோஸ் மக்கள் போட்டதல்ல. ஜெயாபுராவில் இன்று ஏறத்தாழ 4 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அபேபுரா, கோத்தாராஜா பக்கத்துச் சாக்கடைகளும் ஆறுகளும் யோத்தேஃபாவில்தான் வந்து முடிகின்றன. மழை பெய்தால் நகரத்தின் சந்தையும் சமையலறையும் கழுவப்பட்டு இங்கே வந்து சேர்கின்றன. நீரிலும் சிப்பியிலும் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சிப்பி விற்றுத்தான் பல பெண்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால் இதன் கனம் புரியும்.

காடும் சுருங்குகிறது. 1967ஆம் ஆண்டில் வளைகுடாவில் 500 ஹெக்டேருக்கு மேல் சதுப்புநிலக் காடு இருந்தது. 2018ஆம் ஆண்டில் அதில் பாதிகூட மிஞ்சவில்லை. இத்தனைக்கும் யோத்தேஃபா 1978ஆம் ஆண்டிலேயே இயற்கைச் சுற்றுலாப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். பெண்கள் காடு என்று சொல்லப்படும் பகுதி ஏறத்தாழ 8 ஹெக்டேர்தான். 2023ஆம் ஆண்டில் சாலையோரச் சதுப்புநிலத்தில் மண் கொட்டி நிரப்பப்பட்டது பெரிய செய்தியானது. அதிகாரிகள் அந்த இடத்துக்கு முத்திரை வைத்தார்கள்.

வளைகுடாவின் வாயில் இப்போது சிவப்பு நிறத்தில் ஒரு அழகான பாலம் நிற்கிறது. 732 மீட்டர் நீளம். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ திறந்து வைத்தார். மாலை நேரத்தில் நகரமே அங்கே படம் எடுக்கக் கூடிவிடுகிறது. எல்லை வரை போகும் பயணம் குறைந்திருக்கிறது. எங்க்ரோஸ் பிள்ளைகளின் கல்லூரிப் பயணம் எளிதாகியிருக்கிறது. அவசரமென்றால் மருத்துவமனைக்கு விரைவாகப் போகலாம். கம்பத்தில் பாலத்தைத் திட்டியவர்கள் யாருமில்லை. ஆனால் பாலத்தோடு சாலை வந்தது, சாலையோரம் கடைகள் வந்தன. முன்பு படகில் மட்டுமே அணுக முடிந்த காட்டின் பக்கத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. மறைவான இடம் என்ற உணர்வு குறைந்துவிட்டது என்று பெண்கள் சொன்னார்கள்.

இந்த வளைகுடா பெரிய ஆட்களைப் பார்க்காததல்ல. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி நேசநாட்டுப் படைகள் ஹமாடி கடற்கரையில் இறங்கின. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்கள் தங்கிய தளமாக இந்த வட்டாரம் மாறியது. போர் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள், மரங்கள் மறுபடி வளர்ந்தன. இப்போது வந்திருப்பவர்கள் போகப் போவதில்லை. பல தீவுகளிலிருந்து பிழைக்க வந்த சாதாரண மக்கள் அவர்கள். அவர்களுக்கும் வீடு வேண்டும், கடை வேண்டும். தன் வீட்டு நெகிழிப்பை ஒரு பெண்ணின் காலடியில் போய் விழும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

காட்டின் பழைய சட்டம் எல்லை மீறிய ஆணை நிறுத்தியது. போத்தலை அதனால் நிறுத்த முடியவில்லை. மணி அபராதம் யாரிடம் போய்க் கேட்பது?

இருந்தும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கரையோரத்தில் நாற்று நடுகிறார்கள். குப்பை பொறுக்கும் நாட்களில் தேவாலயத்துப் பெண்கள் குழுவும் சேர்ந்துகொள்கிறது. மூத்த மாமா தன் மகள்களையும் பேத்திகளையும் பள்ளி விடுமுறையில் கட்டாயம் காட்டுக்கு அழைத்துப் போகிறார். பேத்திக்கு நகரத்தில் தாதியாக வேண்டும் என்று ஆசை. "தாதியாகட்டும், நல்லதுதான். ஆனால் துடுப்புப் போடத் தெரிந்த தாதியாக இருக்கட்டும்" என்றார் பாட்டி.

திரும்பும் விமானத்தில் தோழி கேட்டாள், "பாரா-பாராவில் பெண்களுக்கு இடம் கொடுத்துவிட்டால் இந்தக் காடே தேவையில்லையே?" எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் இடம் கிடைக்க வேண்டியது நியாயம், கிடைக்கட்டும். ஆனால் மேடையில் பேசும் துணிவு எங்கிருந்தோ வர வேண்டும். எங்க்ரோஸ் பெண்களுக்கு அது பல தலைமுறையாக அந்தச் சேற்றிலிருந்துதான் வருகிறது. நிலத்தில் பங்கில்லாத ஒரு சமூகத்துப் பெண்கள் 'இது எங்களுடையது' என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் அந்த 8 ஹெக்டேர்தான் இருக்கிறது. அது போனால் மரங்கள் மட்டும் போவதாக நினைக்க முடியாது.

போக விரும்புகிறவர்களுக்கு

• மலேசியா, சிங்கப்பூரிலிருந்து ஜாகர்த்தா வழியாகச் செல்லலாம். ஜாகர்த்தாவிலிருந்து செந்தானிக்குப் பெரும்பாலும் இரவு விமானம். குளிருக்கு ஒரு மேலாடை கையில் இருக்கட்டும்.

• பாப்புவாவின் சில பகுதிகளில் பதற்றம் அவ்வப்போது எழுகிறது. கிளம்பும் முன் நம் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையைப் பாருங்கள். ஜெயாபுராவைத் தாண்டி உட்பகுதிக்குப் போவதாக இருந்தால் காவல் நிலையத்தில் 'சூராட் ஜாலான்' அனுமதி தேவையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

• மலேரியா உள்ள பகுதி. மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு செல்வது நல்லது. கொசு விரட்டி அவசியம்.

• பெண்கள் காட்டுக்குள் நீங்களாகப் போகாதீர்கள். எங்க்ரோஸ் பெண்கள் அழைத்தால் மட்டுமே போக வேண்டும். படம் எடுக்க வேண்டாம். அவர்களின் நேரத்துக்கும் படகுக்கும் உரிய பணத்தை நேரடியாக அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

• ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நாள். அன்று சுற்றிக் காட்டச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள். விருப்பமிருந்தால் தேவாலயத்தில் போய் உட்காரலாம், முகம் சுளிக்க மாட்டார்கள்.

• குடும்பத்தோடு போனால் கணவன்மார்கள் கம்பத்துப் பலகைப் பாலத்தில் தூண்டிலோடு காத்திருக்கலாம். நல்ல மீன் கிடைக்கும். காட்டில் என்ன பேசினீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.